மலையில் பிறக்கும் ஆறும் நமது கணக்கேடும்

சேர்வராயன் மலைத்தொடரை நமது அங்கத்தினருள் அறியாதார் இலர். காப்பியும் மிளகும் விளைவிக்கும் மலைச் சங்கத்தாருக்கு அது வாழும் இடம். சேலத்துத் தறிக்காரர்களுக்கோ வாசலில் நின்று வடக்கே நோக்கினால் தெரியும் நீலச் சுவர். ஏற்காட்டில் விளைவிப்போரும் சேலத்தில் நெய்வோரும் இருவேறு தொழிலினர், இருவேறு சங்கத்தினர், இருவேறு துறைகளின் மேற்பார்வையில் இருப்போர் என்றே நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழை என்பதை ஒரு கிணற்றடியில் நின்று கற்றுக்கொள்ள நேர்ந்தது. அதனைச் சொல்லுமுன் மலையைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும்.

ஏற்காடு கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் உச்சி அதனினும் உயரம். இம்மலைத் தலையில் பெய்யும் மழை ஒரே திசையில் இறங்குவதன்று. ஒரு பங்கு தெற்கே திருமணிமுத்தாறாக இறங்கிச் சேலம் நகரின் நடுவே ஓடி, உத்தமசோழபுரம் கடந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியை அடைகிறது. ஒரு பங்கு மேற்கே சரபங்கா நதியாகி ஓமலூர், எடப்பாடி வழியே காவிரியில் சேர்கிறது. மற்றொரு பங்கு வடகிழக்கே வாணியாறாகிப் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து அணையில் தேங்கிப் பின் தென்பெண்ணையை நோக்கிச் செல்கிறது. ஒரே முகில் பொழிந்த நீர் இருவேறு பேராறுகளுக்குப் பங்கிடப்படுகிறது. மலையின் மேற்பரப்பில் உள்ள செம்புரைக் கல்லும் பாக்சைட்டும் மழையை உள்வாங்கி வைத்துக்கொண்டு கோடையில் ஊற்றாகக் கசியவிடும் தன்மையுடையன. அந்தப் பாக்சைட்டைத்தான் பல்லாண்டுகள் மேட்டூர் அலுமினிய ஆலைக்கென வெட்டி எடுத்தார்கள். வெட்டிய இடங்களில் ஊற்று என்னவாயிற்று என்பதை அவ்விடத்து மலைக்குடிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

சேர்வராயன் உச்சியில் ஒரு குகைக்கோயில் உண்டு. உள்ளே செல்வோர் குனிந்துதான் செல்ல வேண்டும். அங்கே சேர்வராயனோடு காவேரியம்மனும் எழுந்தருளியிருக்கிறாள். மலையே தெய்வம், ஆறே அவனுடைய தேவி என்பது மலையாளி எனப்படும் அம்மலைக்குடிகளின் நம்பிக்கை. ஒவ்வொரு மே மாதமும் விழா எடுக்கிறார்கள். காவிரி பிறப்பது குடகில் அன்றோ, இங்கே ஏன் காவேரியம்மன் என்று படித்தவர்கள் சிலர் கேட்பதுண்டு. மலையிலிருந்து இறங்கும் ஓடை எங்கே போய்ச் சேர்கிறது என்பதை அம்மக்கள் நம்மினும் தெளிவாக அறிந்திருந்தனர் என்பதே நாம் அதற்குக் கூறும் விடை.

இனி ஆற்றின் இன்றைய நிலை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் நாடெங்கும் மாசடைந்த ஆற்றுப்பகுதிகள் 351 என்று பட்டியலிட்டது. தமிழ்நாட்டில் ஆறு பகுதிகள் அதில் இடம்பெற்றன. அவற்றுள் திருமணிமுத்தாறு, சரபங்கா, வசிட்டநதி ஆகிய மூன்றும் சேலம் மாவட்டத்தவை. மூன்றுமே மிக மோசமானவற்றுக்குரிய முதல் வரிசையில் வைக்கப்பட்டன. இந்த வரிசை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருப்பது நலம். நீரிலுள்ள அழுகு பொருளை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க எவ்வளவு உயிர்க்காற்று தேவைப்படுகிறது என்று அளக்கிறார்கள். குளிக்கத் தக்க நீரில் இத்தேவை லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. 30-க்கு மேற்பட்டால் முதல் வரிசை. அத்தகைய நீரில் மீன் பிழைக்காது. சுகவனேசுவரர் திருக்கோயிலை ஒட்டி ஓடிய ஆறு இது. அதில் முழுகி எழுந்து கோயிலுக்குச் சென்றார்கள் நம் முன்னோர். இன்று பாலத்தைக் கடக்கும்போது கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்கிறோம்.

அதே ஆண்டு செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இப்பட்டியலைக் கையிலெடுத்து, ஒவ்வொரு மாநிலமும் ஆற்றுச் சீரமைப்புக் குழு அமைத்துச் செயல்திட்டம் தர வேண்டுமென உத்தரவிட்டது. திட்டங்கள் எழுதப்பட்டன. அனுமதியற்ற சாயப்பட்டறைகளை அதிகாரிகள் அவ்வப்போது இடிக்கிறார்கள். மின் இணைப்பைத் துண்டிக்கிறார்கள். சில மாதங்களில் வேறொரு சந்தில் வேறொரு பட்டறை முளைக்கிறது. மழை பெய்த மறுநாள் ஆற்றில் நுரை பொங்குவதைச் சேலத்தார் பன்முறை கண்டிருக்கிறார்கள். மழை வருமட்டும் தேக்கி வைத்திருந்து, வெள்ளத்தோடு வெள்ளமாகத் திறந்துவிடும் வழக்கம் சிலரிடம் இருப்பது ஊரறிந்த இரகசியம்.

நிற்க. கிணற்றடிச் செய்திக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நமக்கு இருவகைச் சங்கங்களின் ஏடுகளையும் ஒரே ஆண்டில் பார்க்கும் பொறுப்பு வாய்த்தது. சங்கங்களின் பெயர் இங்கே வேண்டியதில்லை. ஒன்று நெசவாளர் சங்கம். சாயக்கூலிக் கணக்கைப் பார்க்கையில், முந்தைய ஆண்டைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தது. செயலாளரைக் கேட்டோம். வேறொரு பட்டறைக்கு நூலை மாற்றிவிட்டதாகவும், அங்கே கிலோவுக்குச் சில ரூபாய் மலிவு என்றும் சொன்னார். "சாயக்கூலியில் காட்டிய சிக்கனம் பாராட்டத் தக்கது" என்று ஆய்வுக்குறிப்பில் எழுதிக் கையொப்பமிட்டோம். மற்றொன்று ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள வேளாண்மைக் கடன் சங்கம். அங்கே தவணை கடந்த பாக்கி ஏறிக்கொண்டே போயிற்று. "வசூலில் நிர்வாகத்தின் ஊக்கம் போதாது" என்று எழுதினோம். இரண்டு குறிப்புகளும் ஒரே பேனாவால், இரண்டு மாத இடைவெளியில் எழுதப்பட்டவை.

அக்குறிப்பு வாசிக்கப்பட்ட கூட்டம் முடிந்ததும் வயதான அங்கத்தினர் ஒருவர் நம்மைத் தம் தோட்டத்துக்கு அழைத்தார். வெயில் ஏறிய நேரம். தென்னைகள் நின்றன, குரும்பை நிற்கவில்லை. மண்ணின்மேல் வெள்ளை பூத்திருந்தது. கிணற்றில் வாளியை விட்டு நீர் மொண்டு நம் எதிரே வைத்தார். நீரில் மங்கிய நாவற்பழ நிறம் இருந்தது.

"வசூல் ஆகலைன்னு எழுதிட்டீங்க, சரிங்க. இந்தத் தண்ணியிலே ஒரு வாய் குடிச்சுப் பார்த்துட்டு எழுதியிருக்கலாங்க" என்றார்.

அவர் குரலில் சினம் இல்லை. நாம் குடிக்கவும் இல்லை. தோட்டத்தை விட்டு வரும் வழியில் அவர் மேலும் ஒன்று சொன்னார்: இரண்டு எருமைகளை விற்றுவிட்டாராம், குடிக்க வைக்கத் தண்ணீர் விலைக்கு வாங்கிக் கட்டுப்படவில்லையாம். பாக்கியின் காரணம் எந்தப் பேரேட்டில் எழுதப்பட்டிருந்தது என்பது அப்போதுதான் விளங்கிற்று. முதற் சங்கத்தில் மிச்சமாகக் காட்டப்பட்ட தொகை இரண்டாவது சங்கத்தில் பாக்கியாக நின்றது. இரண்டையும் பார்த்தது ஒரே கண். இடையில் ஓடிய ஆற்றைத்தான் அக்கண் பார்க்கவில்லை.

அடுத்த வாரமே நெசவாளர் சங்கச் செயலாளரோடு அந்தப் பட்டறைக்குச் சென்றோம். சுத்திகரிப்புத் தொட்டி என்று ஒன்று கட்டியிருந்தார்கள். அதில் விறகு அடுக்கியிருந்தது. பின்புறச் சுவரின் அடியில் ஒரு குழாய். அது வாய்க்காலுக்குப் போயிற்று.

சாயத்தின் தன்மையை அறியாமல் சாயக்காரரைத் திட்டுவதில் பயனில்லை. பருத்தி நூலுக்கு இன்று மிகுதியாகப் பயன்படுவது நூலோடு வினைபுரிந்து ஒட்டும் சாயவகை. அது நூலில் ஏறுவதற்கு உப்பு வேண்டும். ஒரு லிட்டர் சாயநீருக்குப் பல பத்துக் கிராம் உப்பு இடுவார்கள். இட்ட சாயத்தில் ஐந்தில் ஒரு பங்கு, சில வேளை அதற்கு மேலும், நூலில் ஒட்டாமல் நீரோடு போய்விடும். உப்போ முழுவதும் போய்விடும். அலசும் நீரைச் சேர்த்தால் ஒரு கிலோ நூலுக்கு நூறு லிட்டர் வரை செலவாவதுண்டு. நிறத்தைச் சுண்ணாம்பும் படிகாரமும் இட்டு ஒருவாறு படியவைக்கலாம். உப்பை அவ்வாறு நீக்க முடியாது. நுண்சவ்வு வழியே அழுத்திப் பிரித்து, எஞ்சியதைக் காய்ச்சி வற்றவைத்தால்தான் உப்பு கையில் திரும்பும். அதற்கு இயந்திரம் வேண்டும், மின்சாரம் வேண்டும். ஆகவே கிலோவுக்குச் சில ரூபாய் கூடும். மலிவுப் பட்டறையின் மலிவு வேறெங்கிருந்தும் வந்ததன்று, இந்தச் செலவைச் செய்யாமல் விட்டதிலிருந்து வந்தது. சேலத்து வெண்பட்டு வேட்டிக்குச் சாயம் ஏது என்று கேட்கலாம். கரைக்குச் சாயம் உண்டு. பட்டின் பசையை நீக்கச் சோப்பும் சோடாவும் இட்டுக் கொதிக்கவைத்த நீரும் உண்டு.

நெசவாளர்மேல் மட்டும் பழியைச் சுமத்துவது நீதியன்று. மாநகரின் சாக்கடை இந்த ஆற்றில்தான் விழுகிறது. உயிர்க்காற்றை விழுங்குவதில் அதன் பங்கே பெரிது. மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் எடுக்கும் ஆலைகளின் புளித்த நீர் சரபங்காவையும் வசிட்டநதியையும் கெடுத்தது. அந்த ஆலைக்காரர்களும் 1981 முதல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கத்தில் ஒன்றுபட்டவர்களே. அப்புளித்த நீரை மூடிய தொட்டியில் அடைத்து எரிவாயு எடுக்கும் முறையைப் பல ஆலைகள் மேற்கொண்டுள்ளன. எரிபொருட் செலவு குறைவதால் அவர்கள் அதை விரும்பியே செய்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மலைமேல் உள்ள நம் காப்பி அங்கத்தினர்கள் "ஆறு கெடுவது கீழேதான், நாங்கள் தூயவர்கள்" என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். சேலத்தில் ஆட்சியராயிருந்த காக்பர்ன் 1820-களில் இம்மலையில் காப்பியைப் பயிராக்கினார். அன்று முதல் பழத்தைத் தோல் உரிப்பதற்கு ஓடைநீரே பயன்பட்டு வருகிறது. பழத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு தோலும் சதையும். அது ஊறிய நீர் புளித்து, ஓடையில் விழுந்தால், சாக்கடையினும் பன்மடங்கு வேகமாக உயிர்க்காற்றைத் தின்னும். அறுவடையோ மார்கழி, தை மாதங்களில். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஓடைகள் மெலியத் தொடங்கும் காலம். மெலிந்த ஓடையில் கெட்ட நீர் விழுவதால் தீங்கு இரட்டிப்பாகிறது. சுண்ணாம்பிட்டுப் புளிப்பை நீக்கித் தொட்டிகளில் தேக்குவதும், தோலை மக்கவைத்துக் காப்பிச் செடிக்கே உரமாக்குவதும் கைக்கெட்டும் முறைகள். குறைந்த நீரில் தோலுரிக்கும் இயந்திரங்களும் வந்துள்ளன. அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருக்கும் மலைக்குடிகள் தனித்தனியே அவற்றை வாங்குவது இயலாத காரியம். சங்கம் ஒன்றை வாங்கி ஊர் ஊராக அனுப்பலாம். உழவு இயந்திரத்தை அவ்வாறு வாடகைக்கு விடும் சங்கங்கள் நம்மிடம் இல்லையா?

இவ்வளவையும் அரசினர் பார்த்துக்கொள்வர் என்று இராமல், தாமே கூடிச் செய்தவர்கள் இம்மலையடியிலேயே உண்டு. கன்னங்குறிச்சியில் மூக்கனேரி என்னும் ஏரி சேர்வராயன் மலையின் நீரை ஏற்பது. 58 ஏக்கர் பரப்பு. தூர்ந்து, குப்பை நிறைந்து கிடந்த அவ்வேரியைச் சேலம் மக்கள் குழு என்னும் அமைப்பினர் 2010-இல் மாவட்ட நிர்வாகத்தின் இசைவோடு எடுத்துக்கொண்டார்கள். பியூஷ் மானுஷ் என்பவர் அதில் முன்னின்றார். ஊராரிடம் திரட்டிய பணம்தான் முதல். அவர்கள் செய்த வேலையில் ஒரு நுட்பம் இருந்தது. தூர்வாரிய மண்ணை வெளியே ஏற்றிச் செல்ல லாரிக்கூலி கட்டாது. ஆகவே ஏரிக்குள்ளேயே மேடு மேடாகக் குவித்தார்கள். மண் சரியாதிருக்க வெட்டிவேரை நட்டார்கள். மேலே மரக்கன்றுகள் வைத்தார்கள். அவ்வாறு நாற்பதுக்கு மேற்பட்ட தீவுகள் அமைந்தன. அவ்வாண்டு மழையிலேயே நீர் நிறைந்தது. தீவுகளில் மரம் வளரப் பறவைகள் வந்து தங்கின. சுற்றுப்புறக் கிணறுகள் ஊறியதை அக்கம்பக்கத்தார் இன்றும் சொல்வர். அதன்பின் நகரின் வேறு ஏரி குளங்களிலும் வேலை செய்தார்கள். அக்குழுவினர் அதிகாரிகளோடு வாதாடியதும், வழக்குகளைச் சந்தித்ததும் உண்டு. அவர்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லோடும் நாம் உடன்பட வேண்டுவதில்லை. அதே நண்பர்கள் தருமபுரி மாவட்டத்தில் வறண்ட நிலத்தைப் பலர் பணம் சேர்த்து வாங்கி, வரப்பிட்டு, மழைநீரைத் தேக்கி, மூங்கில் வளர்த்துக் காடாக்கினார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் கூட்டுறவுக் காடு. நம் சொல்லை எடுத்துக்கொண்டு நம்மை முந்திவிட்டார்கள்!

அயல்நாட்டுச் செய்தி ஒன்றும் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாயும் மலையாறுகளில் சிறு ஓடம் செலுத்துவதை விளையாட்டாகக் கொண்டவர்கள் 1954-இல் 'அமெரிக்கன் வைட்வாட்டர்' என்று ஒரு சங்கம் கண்டனர். இலாப நோக்கற்ற சங்கம். தொடக்கத்தில் அவர்கள் வேண்டியது ஓடம் விட ஆற்றில் நீரும், ஆற்றங்கரைக்குச் செல்ல வழியும். மின்சாரத்துக்கென அணை கட்டியோர் ஆற்றைக் குழாயில் திருப்பிவிட, ஆற்றின் படுகை வறண்டு கிடந்தது. அந்நாட்டில் தனியார் மின்அணைகளுக்கு உரிமம் முப்பது முதல் ஐம்பது ஆண்டுகளுக்கே தரப்படும். புதுப்பிக்கும்போது பொதுமக்களும் வழக்குரைக்கலாம். ஓடக்காரர்கள் ஒவ்வொரு உரிமத்திற்கும் சென்று அமர்ந்தார்கள். இன்ன மாதத்தில் இன்ன நாளில் இவ்வளவு நீர் விட வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். மீன்பிடிப்போரும் பூர்வகுடிகளும் அவர்களோடு சேர்ந்தனர். வாஷிங்டன் மாநிலத்தில் வைட் சால்மன் ஆற்றின் குறுக்கே இருந்த காண்டிட் அணை, உரிமத்தைப் புதுப்பிப்பதினும் அகற்றுவதே சிக்கனம் என்று முடிவாகி, 2011 அக்டோபரில் உடைக்கப்பட்டது. அம்முயற்சியில் இச்சங்கத்துக்கும் பங்குண்டு.

நெசவுக்கும் ஓடவிளையாட்டுக்கும் என்ன தொடர்பு என்று அங்கத்தினர் கேட்கக்கூடும். ஆற்றில் இறங்குகிறவனே ஆற்றைக் காவல் காக்கிறான் என்பதே தொடர்பு. நாம் ஆற்றில் இறங்குவதை விட்டு ஒரு தலைமுறை ஆகிறது. குளிப்பது குழாயில், துவைப்பது இயந்திரத்தில், பாவுக்குக் கஞ்சியிடும் நீர் லாரியில் வருகிறது. ஒக்கேனக்கல் பரிசல்காரர் காவிரியின் ஓட்டம் ஓர் அடி ஏறினாலும் இறங்கினாலும் உடனே அறிவார், ஏனெனில் நீர்வரத்து மிகுந்தால் பரிசலுக்குத் தடை விழும், அன்றைய கூலி போகும். திருமணிமுத்தாற்றுக்கு அவ்வாறு ஒரு பரிசல்காரர் இல்லை.

ஆனால் பொழுதுபோக்குக்காக வருவோரெல்லாம் காவலராகிவிடுவதில்லை. ரிஷிகேசத்தின் அருகே கங்கையில் மிதவைப் படகு விளையாட்டு பெருகியபோது மணற்கரையெங்கும் கூடாரங்கள் தோன்றின. 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு நீரருகே கூடாரம் அடிப்பதைத் தடுக்க வேண்டியதாயிற்று. ஏற்காட்டிலும் படகு ஏரியில் சவாரி செய்து, கிளியூர் அருவியைப் பார்த்துத் திரும்பும் கூட்டம் விட்டுச் செல்வது என்ன? தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி முதல் தடை உள்ளது. கோடைவிழா முடிந்த மறுவாரம் அருவிக்குச் செல்லும் பாதையில் ஒருமுறை நடந்து பார்த்தால் தடையின் வலிமை தெரியும். ஏரியின் மிகுநீர்தான் அருவியாக வீழ்கிறது. ஏரியில் எறிந்தது அருவியிலும் வீழும்.

ஆற்றை நம்பினவர் நீதிமன்றத்தை நாட நேர்ந்தால் அதன் விலை என்ன என்பதையும் நம் நாட்டிலேயே கண்டோம். பாலாற்றுக் கரைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியை உச்ச நீதிமன்றம் 1996-இல் நிலைநாட்டியது. நொய்யலில் நேர்ந்தது நெசவு சார்ந்த நமக்கு இன்னும் நெருக்கமானது. பாசனத்துக்கென ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள். 1992-இல் பயனுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அதில் தேங்கியது திருப்பூர்ச் சாயநீர். எந்த உழவருக்காக அணை கட்டப்பட்டதோ அவரே, அணையைத் திறக்காதீர் என்று மன்றாடினார். ஆயக்கட்டு உழவர்கள் சங்கமாகி வழக்காடினர். 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. தீர்ப்பு நிறைவேறாது போகவே, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. பட்டறை மூடிய மாதங்களில் திருப்பூரில் வேலை இழந்தவர்கள் பணக்காரர் அல்லர். நம் அங்கத்தினரைப் போன்ற கூலிக்காரர்கள். ஒரு சொட்டும் வெளியேவிடாத சுத்திகரிப்பு முறைக்கு அவ்வூர் அதன் பின்னரே மாறியது. முன்னரே மாறியிருக்கலாமே என்று நினைக்கும்போது மனம் கசக்கிறது.

மேட்டூர் அணையின் உபரி நீரைச் சரபங்கா வடிநிலத்து 100 ஏரிகளுக்கு ஏற்றிச் செல்லும் திட்டத்தின் முதற்பகுதி 2021-இல் தொடங்கி வைக்கப்பட்டது. நல்ல திட்டம். நிறைந்த ஏரியைக் கெடாமல் காப்பது யார் என்பதற்குத் திட்டக் குறிப்பில் விடை தேடிப் பயனில்லை.

சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டணி 1995-இல் மான்செஸ்டரில் கூடியபோது, கூட்டுறவுக் கொள்கைகளோடு ஏழாவதாக ஒன்றைச் சேர்த்தது: சங்கம் தன் அங்கத்தினருக்கு மட்டுமன்றித் தான் இருக்கும் ஊருக்கும் உழைக்க வேண்டும் என்பது. பயிற்சி வகுப்புகளில் இதனை நாம் பல முறை ஒப்பித்திருக்கிறோம். நிகர இலாபத்தில் ஒரு பகுதியைப் பொது நன்மைக்கு ஒதுக்க விதிகளில் இடமும் உண்டு. அத்தொகை பெரும்பாலும் ஆண்டுவிழாவுக்கும் சுவர்க்கடிகாரத்துக்கும் போவதையே ஏடுகளில் காண்கிறோம்.

இனி அந்த நெசவாளர் சங்கத்தில் நடந்தது. பட்டறையைக் கண்டு வந்தபின் செயலாளர் தூங்கவில்லை என்று சொன்னார்; நாமும் நம்பினோம். நூலை உரிமம் பெற்ற, சுத்திகரிப்பு நடக்கும் பட்டறைக்கே தருவது என்ற தீர்மானம் பொதுக்குழு முன் வைக்கப்பட்டது. முதலில் எழுந்தவர் அறுபது வயதைக் கடந்த தறிக்காரர்.

"ஐயா, ஆறு நல்லா இருக்கணும்னா யாருக்குங்க கசக்குது? எங்க கூலியிலே கை வைப்பீங்க. அதைத்தான் சொல்லுங்க. நாலு நாள் தறி நின்னா எங்க வீட்டு அடுப்பும் நின்னுருங்க" என்றார்.

அவையில் பலர் தலையசைத்தனர். அவர் அச்சம் பொய்யானதன்று. செலவு கூடும்போதெல்லாம் கடைசியில் குறைவது கூலிதான் என்பதை அவர் நாற்பது ஆண்டுகளாகக் கண்டிருக்கிறார். நாம் செயலாளரை நோக்கி, மொத்தத் தொகையைச் சொல்லாமல் ஒரு சேலைக்கு எவ்வளவு கூடும் எனக் கணக்கிட்டுச் சொல்லும்படி கேட்டோம். கரும்பலகையில் எழுதிப் பார்த்தார்கள். ஒரு தேநீரின் விலையளவே வந்தது. அதனை யார் ஏற்பது என்பதில்தான் மாலை விளக்கு வைக்கும்வரை வாதம். விற்பனை விலையில் ஏற்றினால் சரக்கு தேங்கும் என்றார் ஒருவர். இலாபத்தில் கழித்தால் போனஸ் குறையும் என்றார் மற்றொருவர். பாவு ஓட்டும் அம்மையார் ஒருவர், அதுவரை வாய் திறவாதிருந்தவர், எழுந்து தம் மகளைக் கொடுத்திருப்பது ஆற்றின் கீழ்ப்பகுதிக் கிராமம் ஒன்றில் என்றும், பேரப்பிள்ளைக்குக் குளிக்கக் குடத்தில் நீர் வாங்குகிறார்கள் என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

முடிவில், கூலியைத் தொடுவதில்லை, கூடுதற் செலவைச் சங்கத்தின் இலாபத்தில் ஆறு மாதம் ஏற்றுப் பார்ப்பது, அதன்பின் மறுபடி பொதுக்குழுவில் வைப்பது என்று திருத்தி எழுதினார்கள். சிறு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறிற்று. அந்தத் தறிக்காரர் எதிராகவே கை தூக்கினார். கூட்டம் கலைந்தபின் நம்மிடம் வந்து, "ஆறு மாசம் கழிச்சுக் கூலி அப்படியே இருந்தா அடுத்த தடவை இந்தப் பக்கம் தூக்குறேங்க" என்று சொல்லிச் சென்றார்.

ஒரு சங்கம் மாறினால் ஆறு மாறிவிடாது. அந்த மலிவுப் பட்டறைக்கு வேறு யாரோ நூல் தருகிறார்கள். சாக்கடை விழுந்துகொண்டுதான் இருக்கிறது. முதியவரின் கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். நிறம் போனாலும் உப்பு மண்ணை விட்டுப் போகப் பல மழைக்காலம் ஆகும் என்று மண்வள நிலையத்தார் சொல்கின்றனர். அவருடைய கடனைத் தவணை மாற்றித்தர அச்சங்கம் மனு அனுப்பியுள்ளது.

வரும் மாசியில் இரு சங்கங்களுக்கும் மீண்டும் ஆய்வுக்குச் செல்கிறோம். ஒரே நாளில் இரண்டையும் பார்ப்பதாக எண்ணம். காலையில் மேலே, பிற்பகலில் கீழே. முன்பு எழுதிய இரண்டு குறிப்புகளையும் அடிக்க விதி இடந்தராது. அவற்றின் கீழே ஒவ்வொரு வரி சேர்க்கலாம்.